நெருக்கத்தில் ஒரு வீடு

சொந்த வீடு வேண்டும் என்னும் விருப்பம் ஏழை, செல்வர் என்ற வேறுபாடின்றி எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. வாடகை வீட்டில் திருக்குடும்பப் படத்தை மாட்டச் சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்கும் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்கவேண்டியிருக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றும் குடும்பத்தில் பிள்ளைகளின் பள்ளியும் பெற்றோரின் பங்கும் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆகவே, ஓய்வு பெற்றபோது கிடைத்த வைப்புநிதியோ, அயல்நாட்டில் உழைக்கும் மகன் அனுப்பிய பணமோ கைக்கு வந்தவுடன் முதலில் எழும் எண்ணம் ஒரு வீட்டை வாங்கிவிடவேண்டும் என்பதே. இது இயல்பான விருப்பம், நல்ல விருப்பமும்கூட.

ஆனால், எங்கே வாங்குவது என்ற கேள்வியில்தான் குடும்பத்திற்குள் கருத்து வேற்றுமை தோன்றுகிறது. நகரத்தின் நடுவே, இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்கவேண்டிய முடுக்கில், ஒன்றேகால் சென்டில் நிற்கும் பழைய வீட்டை வாங்குவதா? அன்றி, ஊருக்கு வெளியே, சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஐந்து சென்ட் மனையை வாங்கி மெல்ல மெல்லக் கட்டிக்கொள்வதா? தந்தை காற்றோட்டத்தை எண்ணுகிறார். தாய் ஆலயத்தையும் பள்ளியையும் மருத்துவமனையையும் எண்ணுகிறார். இருவர் எண்ணுவதிலும் நியாயம் இருக்கிறது. இம்மாதம் இந்தக் கேள்வியைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

நெருக்கம் வந்த வழி

நம் மாநகரம் ஒரே ஊராகப் பிறந்ததன்று. பொருநையாற்றின் ஒரு கரையில் நெல்லையப்பர் கோவிலைச் சுற்றி இரத வீதிகளும் அவற்றிலிருந்து பிரியும் தெருக்களுமாகத் திருநெல்வேலி வளர்ந்தது. மறு கரையில் கோட்டையைச் சுற்றிப் பாளையங்கோட்டை வளர்ந்தது. இரண்டையும் இணைக்கும் சுலோசன முதலியார் பாலம் 1843இல் திறக்கப்படும் வரையில் ஆற்றைக் கடக்க ஓடத்தையே நம்பவேண்டியிருந்தது. 1866இல் இரண்டு ஊர்களும் தனித்தனி நகராட்சிகள் ஆயின. 1994இல் திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் ஆகிய நகராட்சிகளும் தச்சநல்லூர்ப் பேரூராட்சியும் ஒன்றிணைந்து மாநகராட்சி உருவாயிற்று.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாநகராட்சியில் 4,73,637 பேர் வாழ்ந்தனர். பரப்பு ஏறக்குறைய 108 சதுரக் கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் ஒரு சதுரக் கிலோமீட்டருக்குச் சுமார் 4,400 பேர். இந்தச் சராசரி நம்மை ஏமாற்றிவிடக்கூடும். ஏனெனில் அந்தப் பரப்பிற்குள் வயல்களும் குளங்களும் ஆற்றுப் படுகையும் அடங்கியிருக்கின்றன. அவற்றை நீக்கிவிட்டுப் பார்த்தால், டவுண் தெருக்களிலும் மேலப்பாளையத்தின் நெசவாளர் தெருக்களிலும் பாளையங்கோட்டையின் பழைய தெருக்களிலும் மக்கள் எவ்வளவு நெருங்கி வாழ்கின்றனர் என்பது விளங்கும்.

இந்த நெருக்கத்திற்குக் காரணங்கள் பல. 1878இல் தோன்றிய தூய யோவான் கல்லூரி, 1895இல் தோன்றிய சாராள் தக்கர் கல்லூரி, 1923இல் தோன்றிய தூய சவேரியார் கல்லூரி, 1965இல் தோன்றிய மருத்துவக் கல்லூரி ஆகியவை நாற்புறத்து ஊர்களிலிருந்தும் குடும்பங்களைப் பாளையங்கோட்டைக்கு ஈர்த்தன. பிள்ளைகளின் படிப்பிற்காக வந்தவர்கள் பின்னர் திரும்பிச் செல்லவில்லை. மற்றொரு காரணம் பாகப்பிரிவினை. தாத்தா கட்டிய ஒரு வீடு மகன்கள் மூவருக்குப் பிரிந்தது. முற்றத்தின் நடுவே சுவர் எழுந்தது. பேரன் காலத்தில் ஒவ்வொரு துண்டின் மேலும் ஒரு மாடி ஏறியது. ஒரே வாசலும் ஒரே கிணறும் கொண்ட வளவுக்குள் நான்கு குடும்பங்கள் வாழ்வது நமக்குப் புதியதன்று. அத்தகைய வீடுகள்தாம் இன்று விற்பனைக்கு வருகின்றன. அவற்றின் சிக்கல்களும் அவற்றோடு கூடவே வருகின்றன.

தண்ணீரின் சாட்சி

வீடு வாங்குவோர் முதலில் கேட்கவேண்டிய சாட்சி தண்ணீர். அது பொய் சொல்லாது, மறப்பதும் இல்லை.

தாமிரபரணிப் பள்ளத்தாக்கு அணைகளாலும் கால்வாய்களாலும் குளங்களாலும் ஆனது. சுத்தமல்லி அணையிலிருந்து பிரியும் நெல்லைக் கால்வாயும், பழவூர் அணையிலிருந்து பிரியும் பாளையங்கால்வாயும் வயல்களுக்காக வெட்டப்பட்டவை. இன்று அவை வீடுகளின் ஊடே ஓடுகின்றன. கொக்கிரகுளம், வேய்ந்தான்குளம், மூளிக்குளம், நயினார்குளம், இலந்தைகுளம் என்னும் பெயர்களைச் சற்றே கவனியுங்கள். நம் முன்னோர் தண்ணீர் எங்கே தங்கும் என்பதை ஊர்ப்பெயரிலேயே எழுதி வைத்துச் சென்றிருக்கின்றனர். மனை விற்பவர் அந்தப் பெயரை மாற்றி ஏதேனும் ஒரு "நகர்" என்று பலகை வைக்கலாம். மழைநீர் அந்தப் பலகையைப் படிப்பதில்லை.

1992 நவம்பரில் பொருநை பெருக்கெடுத்ததை முதியோர் இன்னும் சொல்வார்கள். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெய்த மழையை இளைஞரும் அறிவர். அப்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஆறும் குளங்களும் ஒருங்கே நிரம்பியதால் நெல்லைச் சந்திப்பிலும் கொக்கிரகுளத்திலும் வெள்ளம் புகுந்தது. மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகமும் அதற்குத் தப்பவில்லை.

ஆதலால், வெயில் காலத்தில் வீட்டைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். கூடுமானால் நல்ல மழை பெய்த மறுநாள் ஒருமுறை அங்கே சென்று பாருங்கள். சுவரில் முழங்கால் உயரத்தில் ஈரக் கோடு இருக்கிறதா, வாசற்படியை அண்மையில் உயர்த்தியிருக்கிறார்களா என்று கவனியுங்கள். தெருவின் மட்டம் வீட்டுத் தளத்தைவிட உயர்ந்துவிட்டதா என்பதையும் பாருங்கள். சாலை போடுந்தோறும் தெரு உயர்கிறது, பழைய வீடு தாழ்கிறது. விற்பவரைக் கேட்பதைவிட, எதிர்வீட்டில் நாற்பது ஆண்டுகளாக வாழும் ஒரு பாட்டியைக் கேட்பது நன்று. 2023இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று அவர் விரலால் காட்டிவிடுவார்.

வரும் தண்ணீரைப் போலவே போகும் தண்ணீரையும் விசாரிக்கவேண்டும். பாதாளச் சாக்கடை இணைப்பு உண்டா, இல்லையேல் கழிவுநீர்த் தொட்டி எங்கே இருக்கிறது, அது நம் நிலத்தில்தான் இருக்கிறதா, கழிவு வண்டி வந்து நிற்க வழி உண்டா? முடுக்கு வீடுகளில் இக்கேள்விகளுக்கு விடையின்றி வாங்கியவர்கள் ஆண்டு முழுவதும் அல்லற்படுகிறார்கள். மழைநீர்ச் சேகரிப்பு 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும், எந்த வீட்டில் குழி தூர்ந்து கிடக்கிறது என்பதைக் கண்ணால் கண்டே அறியமுடியும்.

பத்திரமும் பானையும்

எரேமியா இறைவாக்கினர் எருசலேம் முற்றுகைக்குள்ளாகியிருந்த காலத்தில் அனத்தோத்தில் தம் உறவினரிடம் 17 செக்கேலுக்கு ஒரு நிலம் வாங்கினார். சாட்சிகள் கையெழுத்திட்டனர், முத்திரையிட்ட பத்திரம் ஒன்றும் திறந்த பத்திரம் ஒன்றும் எழுதப்பட்டன, இரண்டும் நெடுநாள் கெடாதிருக்க மண்பானையில் வைக்கப்பட்டன. நாடே கையை விட்டுப் போகும் வேளையிலும் ஓர் இறைவாக்கினர் பத்திரத்தில் இவ்வளவு கவனம் செலுத்தினார் என்றால், வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து வாங்கும் நாம் எவ்வளவு கவனமாக இருக்கவேண்டும்!

1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டப்படி, நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலம், வீடு ஆகியவற்றின் விற்பனை பதிவு செய்யப்பட்ட பத்திரத்தால்தான் நிறைவேறும். கைச்சீட்டும் வாய்ச்சொல்லும் உரிமையைத் தாரா. பொது அதிகாரப் பத்திரத்தை எழுதி வாங்கிக்கொண்டு, வீடு தமதாகிவிட்டதென்று எண்ணுவோர் இன்றும் உள்ளனர். அவ்வாறு உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாகத் தீர்ப்பளித்துவிட்டது. தமிழ்நாட்டில் 2012இல் செய்யப்பட்ட சட்டத்திருத்தத்தின்படி விற்பனை உடன்படிக்கையும் பதிவு செய்யப்படவேண்டும்.

பத்திரங்களைப் பார்க்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்வோம். முதலில் மூலப்பத்திரம். அதிலிருந்து இன்றைய உரிமையாளர் வரை ஒவ்வொரு கைமாற்றத்திற்கும் ஒரு பத்திரம் இருக்கவேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி இல்லாவிட்டாலும் அதைக் கேட்காமல் விடக்கூடாது. நகலைக் காட்டி, அசல் பெட்டியில் இருக்கிறது என்று சொன்னால் அந்தப் பெட்டி எந்த வங்கியில் இருக்கிறது என்று கேளுங்கள். அடுத்தது வில்லங்கச் சான்று. முப்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் பார்க்கவேண்டும். இப்போது பதிவுத்துறையின் இணையத்தளத்திலேயே கட்டணமின்றிப் பார்க்கலாம். ஆயினும் ஒன்றை மறவாதீர்கள்: பதிவானவை மட்டுமே வில்லங்கச் சான்றில் தெரியும். பதிவாகாத உயிலும், நிலுவையிலுள்ள வழக்கும், பதிவின்றிக் கைமாறிய ஒத்திப் பணமும் அதில் தெரியாமற்போகலாம். வீட்டில் யாரேனும் குடியிருந்தால், அவர் வாடகைக்கு இருக்கிறாரா, ஒத்திக்கு இருக்கிறாரா, அவருக்குத் திருப்பித் தரவேண்டிய தொகை எவ்வளவு என்று அவரிடமே நேரில் கேட்டறிவது கடமை.

மூன்றாவது நில ஆவணம். பட்டாவும், நகரப் பகுதியாயின் நகர நில அளவைப் பதிவேட்டின் பகர்ப்பும், வரைபடமும் பார்க்கவேண்டும். பழைய பத்திரங்களில் நான்கெல்லை மட்டும் எழுதியிருக்கும். வயலாக இருந்தவற்றில் கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்ற அளவுகள் காணப்படும். "கீழ்பால் வேப்பமரம்" என்று எழுதியிருந்தால் மரம் இன்று இராது. ஆகவே, அளவரைக் கொண்டு அளந்து, பத்திரத்திலுள்ள சதுர அடியும் தரையிலுள்ள சதுர அடியும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தே விலை பேசவேண்டும். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஒன்றேகால் சென்டில் நாற்பது சதுர அடி குறைந்தாலும் அது ஒரு சமையலறையின் இழப்பு.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். பழைய நகரங்களில் கோவில், மடம், அறக்கட்டளை முதலியவற்றிற்கு உரிய நிலத்தில் அடிமனை வாடகை செலுத்தி மக்கள் வீடு கட்டி வாழ்வதுண்டு. அங்கே விற்பவருக்கு உரியது கட்டடம் மட்டுமே, நிலம் அவருடையதன்று. எந்தச் சமயத்தவரின் அறநிலமாயினும், உரிய அதிகாரத்தின் இசைவின்றி அதை விற்கவோ வாங்கவோ இயலாது. இரண்டாவது, வாய்க்கால் கரையும் குளத்துப் புறம்போக்கும். வீட்டுவரி ரசீது இருக்கிறது, மின்இணைப்பு இருக்கிறது என்று காட்டுவார்கள். வரி ரசீது வரி கட்டியதற்குச் சான்று. உரிமைக்குச் சான்று ஆகாது.

ஊருக்கு வெளியே மனை வாங்குவோருக்கும் ஒரு சொல். அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்வதற்கு 2016இல் தடை வந்தது. அவ்வாண்டு அக்டோபர் 20ஆம் நாளுக்குள் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வெளியாயின. எனவே, மனைப்பிரிவின் அங்கீகார எண்ணைக் கேட்டு, அதை நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் சரிபார்த்த பின்னரே மேற்செல்லுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவும், எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட அடுக்குமாடியும் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்கவேண்டும். அடுக்குமாடியில் வாங்குவோர், சுவர்களுக்கு உட்பட்ட பரப்போடு, தரையில் தமக்குரிய பிரிபடாப் பாகம் எவ்வளவு என்பதையும் பத்திரத்தில் காணவேண்டும். கட்டடம் ஒருநாள் பழுதாகும். அந்நாளில் எஞ்சுவது அந்தப் பாகமே.

உடன்பிறந்தாளின் கையெழுத்து

நம் குடும்பங்களில் அடிக்கடி நேரும் ஒரு தவற்றைத் தனியே எடுத்துச் சொல்லவேண்டியிருக்கிறது. தந்தை உயில் எழுதாமல் இறந்தார். மகன்கள் இருவர் வீட்டைப் பிரித்துக்கொண்டனர். மகளுக்குத் திருமணத்தின்போதே நகையும் சீரும் கொடுத்துவிட்டோம், அவளுக்கு இனி என்ன இருக்கிறது என்று கருதினர். பின்னர் மகன்களின் கையெழுத்தோடு வீடு விற்பனைக்கு வந்தது.

இது சட்டத்திற்கு ஒவ்வாது. கிறிஸ்தவர்களுக்குரிய 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் மகனுக்கும் மகளுக்கும் இடையே வேறுபாடு காட்டவில்லை. உயில் இன்றி இறந்தவருடைய சொத்தில் மூன்றில் ஒரு பங்கு அவருடைய மனைவிக்கு. எஞ்சிய இரண்டு பங்கு பிள்ளைகள் அனைவருக்கும் சமமாக. திருமணச் சீர் இப்பங்கை அழிப்பதில்லை. அன்றைய திருவிதாங்கூரில் 1916ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று மகளுக்கு, மகன் பெறுவதில் நான்கில் ஒரு பங்கு அல்லது 5,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதையே தந்தது. மேரி ராய் என்னும் பெண்மணி தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம், இந்திய வாரிசுரிமைச் சட்டமே அங்கும் செல்லும் என்று கூறி அந்த அநீதிக்கு முடிவு கட்டியது.

ஆதலின், வாங்குபவர் வாரிசுச் சான்றிதழைப் பார்க்கவேண்டும். அதில் உள்ள ஒவ்வொரு பெயரும் பத்திரத்தில் கையெழுத்திடவேண்டும். அல்லது முறையான விடுதலைப் பத்திரம் பதிவாகியிருக்கவேண்டும். வயது நிரம்பாத பிள்ளையின் பங்கு இருந்தால் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். மும்பையில் வாழும் சகோதரியை அழைத்து வருவது வீண் செலவு என்று விற்பவர் சொல்லக்கூடும். அந்தச் செலவை வாங்குபவரே ஏற்றாலும் இழப்பில்லை. பிற்காலத்தில் அவள் நீதிமன்றத்திற்கு வந்தால் நேரும் செலவு அதைவிடப் பன்மடங்கு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு பெண்ணின் பங்கை விழுங்கிவிட்டு எழுந்த சுவருக்குள் நாம் எப்படிக் குடும்பச் செபம் சொல்வது?

விற்பவருக்கும் இதே அறம். உயிரோடிருக்கும்போதே பெற்றோர் உயில் எழுதி வைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் பேருதவி. சாவைப் பற்றிப் பேச அஞ்சி உயிலைத் தள்ளிப்போடுவோரின் வீடுகளே பிற்காலத்தில் வழக்குமன்றம் ஏறுகின்றன.

சுவரும் முடுக்கும் சன்னலும்

நெருக்கமான தெருவில் வீட்டை மட்டும் நாம் வாங்குவதில்லை. அண்டைவீட்டாரோடு பங்கிடும் உரிமைகளையும் சேர்த்தே வாங்குகிறோம். இடைச்சுவர் பொதுச்சுவரா, தனிச்சுவரா? முடுக்கு யாருடையது? நம் மாடித் தண்ணீர் எங்கே விழுகிறது? கிணற்றில் நமக்குப் பங்கு உண்டா? இவற்றை முன்னரே பத்திரத்தில் எழுதிக்கொள்ளவேண்டும். "வழக்கம்போல் நடந்துகொள்ளலாம்" என்னும் சொற்றொடர், விற்பவரும் அண்டைவீட்டாரும் நல்லவர்களாக இருக்கும் வரையில்தான் பயன்படும்.

1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம், இருபது ஆண்டுகள் தடையின்றியும் உரிமையோடும் அனுபவித்து வந்த வழி, காற்று, வெளிச்சம் முதலியவற்றிற்குப் பாதுகாப்பளிக்கிறது. ஆகவே, நாம் புதிதாக வாங்கிய வீட்டின்மேல் மாடி எழுப்பும்போது அண்டைவீட்டாரின் பழைய சன்னலை மூடிவிட முடியாது. அதுபோலவே, அவருடைய நெடுநாள் நடைபாதையையும் அடைக்க முடியாது. மாடி கட்டலாம் என்று எண்ணி விலை கொடுப்பவர், தெருவின் அகலம் அதற்கு இடந்தருமா, பழைய அடித்தளம் தாங்குமா என்று பொறியாளரிடம் காட்டிய பின்னரே விலை பேசட்டும். 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டிற்குச் சுயசான்று முறையில் இணையவழி அனுமதி பெறும் வசதி வந்துள்ளது. சான்றளிப்பவர் நாமே என்பதால் பொறுப்பும் நம்முடையதே.

சட்டம் ஒரு வேலி. அன்பு ஒரு வாசல். நாளைக்குக் காங்கிரீட் போடப்போகிறோம் என்றால் முந்தின நாள் மாலையே பக்கத்து வீட்டிற்குச் சென்று, "அண்ணாச்சி, நாளை ஒருநாள் சத்தமும் தூசியும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வதற்குப் பணம் செலவாவதில்லை. அந்த ஒரு சொல்லால் தடுக்கக்கூடிய வழக்குகள் எத்தனையோ!

கடனும் கணக்கும்

விலையோடு செலவு முடிவதில்லை. தமிழ்நாட்டில் விற்பனைப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வையும் மாற்று வரியும் சேர்த்து 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. இருபது இலட்ச ரூபாய் வீட்டிற்கு இதுவே 1,80,000 ரூபாய். 2025 ஏப்ரல் முதல், பத்து இலட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்ணின் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைகிறது. சிறு வீடு வாங்கும் குடும்பங்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். வீட்டிற்காக நகையைக் கழற்றிக் கொடுப்பவர் பெரும்பாலும் இல்லத்தரசியே ஆதலால் இது பொருத்தமும் ஆகும்.

வங்கிக் கடன் பதினைந்து இலட்சம், வட்டி 9 விழுக்காடு, இருபது ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாதந்தோறும் ஏறக்குறைய 13,500 ரூபாய் கட்டவேண்டும்; முடிவில் செலுத்திய தொகை 32 இலட்சத்தைத் தாண்டும். தவணை போக எஞ்சுவதில் பள்ளிக் கட்டணமும் மருந்தும் நடக்குமா என்று கணவனும் மனைவியும் ஒருங்கே அமர்ந்து எழுதிப் பார்க்கவேண்டும். தவணைக்கு அஞ்சி மருத்துவரிடம் செல்வதை ஒத்திப்போடும் வீடு நல்ல வீடு ஆகாது. ஊருக்கு வெளியே மனை மலிவு என்போர் இரண்டு வண்டிகளின் விலையையும், நாள்தோறும் பள்ளிக்கும் வேலைக்கும் போய்வரும் செலவையும் அக்கணக்கில் சேர்க்கட்டும். அப்போது முடுக்கு வீடு அவ்வளவு விலை உயர்ந்ததாகத் தோன்றாது.

பத்திரத்தில் பாதித் தொகையைக் காட்டி மீதியைக் கையில் கொடுக்கும் வழக்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நில விற்பனைக்கென 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை 2015 முதல் வருமானவரிச் சட்டம் தடை செய்திருக்கிறது. மீறியவருக்கு அதே அளவு தண்டத்தொகை. இதைத் தவிர, பிறகு ஒருநாள் வழக்கு வந்தால் பத்திரத்தில் உள்ள தொகைக்கே நீங்கள் கணக்குக் காட்டமுடியும். பொய் எழுதிய பத்திரம் தேவை வரும்போது நமக்கு எதிராகவே சாட்சி சொல்லும்.

யாருக்கு விற்பது?

இறுதியாக, பேசத் தயங்கும் ஒன்றைப் பேசுவோம். நம் பகுதியில் வீடு விற்பனைக்கோ வாடகைக்கோ வரும்போது விலைக்கு முன்னே கேட்கப்படும் கேள்வி பல நேரங்களில் வேறாக இருக்கிறது. "அவர்கள் யார்?" என்று கேட்கிறார்கள். பதிலைக் கேட்டபின் வீடு "ஏற்கெனவே பேசி முடிந்துவிட்டது" என்கிறார்கள். நல்ல வேலையில் இருந்து, நேர்மையாக வாடகை தரக்கூடிய ஒரு குடும்பம் பள்ளிக்கு அருகே ஒரு வீடு கிடைக்காமல் பேருந்தில் அலைவதற்கு இதுவே காரணம். இப்படிக் கேட்பவர்களுள் ஞாயிறுதோறும் நற்கருணை வாங்குவோரும் இருக்கிறார்கள் என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை.

நம் மாவட்டத்தின் வடக்கன்குளம் ஆலயத்தின் வரலாறு இதற்கு ஒரு பாடம். 1872இல் எழுந்த அந்த ஆலயத்தில், ஒரே பீடத்தை நோக்கிய மக்கள் சாதியால் பிரிந்து நிற்கும்படி நடுவே தடுப்பு அமைந்திருந்தது. 1910இல் அத்தடுப்பு அகற்றப்பட்டது. அதை மீண்டும் எழுப்பவேண்டும் என்று வழக்காடியவர்கள் உயர் நீதிமன்றம் வரை சென்றும் வெல்லவில்லை. ஆலயத்திற்குள் இருந்த தடுப்பு வீழ்ந்து ஒரு நூற்றாண்டிற்கு மேல் ஆகியும், தெருவில் உள்ள தடுப்பு நம் உதட்டில் ஒரு கேள்வியாக நிற்கிறது. அது செங்கல்லால் ஆனதன்று; ஆதலால் அதை இடிக்க யாரும் ஆணை பிறப்பிக்கத் தேவையில்லை. வீட்டுக்காரர் ஒருவர் அக்கேள்வியைக் கேளாமல் விட்டாலே போதும்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட "இறைவா உமக்கே புகழ்" என்னும் சுற்றுமடலில் இத்தகைய நெருக்கமான குடியிருப்புகளைப் பற்றியே எழுதியிருக்கிறார். மக்கள் நெருங்கி வாழும் இடங்களில் தோன்றும் மூச்சுத்திணறல், அண்டைவீட்டாரிடையே உறவு வளரும்போது தணிகிறது என்பது அவர் கருத்து. நம் வளவு வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு இது புதுச் செய்தியன்று. இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் திறப்பது எதிர்வீட்டுக் கதவு. வெள்ளம் வந்தால் மாடி வீடு எல்லோருக்கும் வீடு. முதியவர் தனியே இருக்கிறார் என்றால், காலையில் அவர் வாசல் தெளிக்கவில்லையே என்று கவனிப்பதற்கு ஒருவர் இருக்கிறார். ஐந்து சென்ட் மனைக்கு இது தானாகக் கிடைத்துவிடாது; அங்கே சென்று நாமே உண்டாக்கவேண்டும்.

ஆகவே, எங்கே வாங்குவது என்னும் கேள்விக்கு எல்லோருக்கும் பொதுவான ஒரே விடை இல்லை. பள்ளிப் பிள்ளைகளும் முதிய பெற்றோரும் உள்ள குடும்பத்திற்கு, தண்ணீர் நிற்காத தெருவில், பத்திரம் தெளிவாக உள்ள சிறு வீடு பெரும்பாலும் நல்லது. வளர இடம் வேண்டுவோர் வெளியே செல்லட்டும். ஆனால் குளத்தின் வயிற்றிலும் வாய்க்காலின் வழியிலும் செல்லாதிருக்கட்டும். எங்கே வாங்கினாலும் மழையிடம் ஒருமுறை, வழக்கறிஞரிடம் ஒருமுறை, விற்பவரின் உடன்பிறந்த பெண்களிடம் ஒருமுறை கேட்ட பின்னரே முன்பணம் கொடுங்கள். குடிபுகும் நாளில் பால் காய்ச்சி முதற்குவளையை அடுத்த வீட்டிற்கு அனுப்புங்கள். அந்த வீட்டார் யார் என்று கேளாமலே அனுப்புங்கள்.